வறுவேலுக்கு வந்த கடிதம்

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் சுவாமிதாஸை வாசற்படியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கையில் குடையும் கக்கத்தில் துணிப்பையுமாக அந்த மனுஷனை ஒரு வாரம் நிற்கவைத்தது அநியாயம் என்று நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவரை உள்ளே வாரும் என்று கூப்பிட அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. காரணம், அவர் கேட்ட கேள்வி.

"வறுவேல் அண்ணன் இருக்காரா?"

வறுவேல் செத்துப்போய் மூன்று மாதமாகிறது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பழுதாகி நின்ற ஒரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், வெகுநேரம் வெளியே வரவில்லை. காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோது மூச்சு இல்லை. திருவனந்தபுரத்தில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த செய்தி அது. தெரியாமல் போனது அவர் பெற்ற ஒரே மகன் கஸ்பாருக்குத்தான்.

கஸ்பார் வடக்கே பெரிய செமினாரியில் சாமியாருக்குப் படிக்கிறான். தகப்பன் செத்தது தெரிந்தால் குடும்பத்தைத் தாங்க ஓடிவந்துவிடுவான், பிறகு திரும்பிப் போகவே மாட்டான் என்று அவன் அம்மா வியாகுலம் பயந்தாள். பட்டம் வாங்கும் வரை அவனுக்குச் சொல்லக்கூடாது என்று பாளையத்துப் பங்குச் சாமியார் மத்தியாஸ் அச்சனின் காலைப் பிடித்தாள். அச்சன் செமினாரி ரெக்டருக்கு எழுதினார். ரெக்டரும் அரைமனதாகச் சம்மதித்தார். அன்றிலிருந்து 'அப்பா சுகம்' என்று மாதம் ஒரு கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. எழுதுவது மகள் பிரகாசி.

அந்தப் பிரகாசிதான் இப்போது சுவாமிதாஸின் முன்னால் நிற்கிறாள். வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். ஆபீசுக்குப் புறப்பட்டு, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் செமினாரியிலே அங்கி தைக்கிறவனாக்கும். அண்ணன் என்னெக் கண்டதில்லெ. பிரதர் கஸ்பார் ஒரு காயிதம் தந்துவிட்டாரு. அண்ணன் கையிலேதான் குடுக்கணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"எங்கிட்டெ குடுங்க. நான் பிரதருக்க அக்காதான்."

"அக்கான்னு தெரியும். மூஞ்சியிலே எழுதி ஒட்டியிருக்கே." சுவாமிதாஸ் சிரித்தார். "கோவிச்சுக்கிடாதே பிள்ளே. சத்தியம் சத்தியமில்லியா? அண்ணன் டூட்டிக்குப் போயாச்சா? ஸ்டாண்டிலே போய்ப் பாக்கட்டா?"

பிரகாசிக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. மூன்று மாதம் சுற்றி வளைத்து எழுதிக் கை ஓய்ந்துபோயிருந்தது.

"அப்பா மரிச்சுப்போச்சு, அண்ணே. செப்டம்பரிலே."

சுவாமிதாஸ் குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது, அவர் எடுக்கவில்லை. "பின்னே பிரதர்... அப்பா இதெக் கண்டா மீசைக்குள்ளே சிரிப்பாருன்னு எங்கிட்டெ சொன்னாரே" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் மோசம். செமினாரியிலிருந்து புறப்பட்டு அரை மாதமாகிறதாம். நேராக இங்கே வந்திருக்க வேண்டியவர், தங்கச்சியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கல்லாறு போனார். போன இடத்தில் மழை, ஆறு பெருகி பஸ் நின்றது, அவருக்கும் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார்.

"ஒரு அவசரமும் சொல்லலியே பிள்ளே அவரு. சொல்லியிருந்தா நடந்தாவது வந்திருப்பேனே!"

அவசரம் எதுவாக இருக்கும் என்று பிரகாசிக்குத் தோன்றியது. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கஸ்பாருக்கு உபதியாக்கோன் பட்டம். குருப்பட்டத்துக்கு இன்னும் படிகள் உண்டு என்றாலும் இதுதான் கனத்த படி. இதை வாங்கினவன் பிறகு கலியாணம் கட்ட முடியாது, வேண்டாம் என்று வீட்டுக்கு வரவும் முடியாது. இந்தப் பட்டத்துக்கு அம்மாவும் மகளும் போகவில்லை. விதவைக் கோலத்தில் எப்படிப் போய் நிற்பது? 'அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, குருப்பட்டத்துக்கு எல்லோருமாக வருகிறோம்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

"ஆராக்கும் அங்ஙனெ?" என்று கேட்டுக்கொண்டு வியாகுலம் அடுக்களையிலிருந்து வந்தாள். வெள்ளைச் சேலை. மகனின் பட்டத்துக்காக ஒருசந்தி பிடித்து, விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். செமினாரி ஆள் என்று கேட்டதும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. படியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சுவாமிதாஸ் எழுந்து, துணிப்பையிலிருந்து உறையை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நீட்டினார். 'மகா கனம் பொருந்திய தகப்பனார் வறுவேல் அவர்களுக்கு.' அந்த உறை ஒட்டியிருந்தது. செமினாரியிலிருந்து ஒட்டிய உறை வருவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். செமினாரியில் படிக்கிற பையன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் ரெக்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் வாசித்து, மூலையில் நீலப் பென்சிலால் ஒரு கீறு கீறி அனுப்புவார். வீட்டிலிருந்து போகிற கடிதமும் அப்படித்தான்; முதலில் அவர் கண், பிறகுதான் பையன் கண். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, காலகாலமான வழக்கம். ஆனால் ஒரு சாமியார் வாசிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதுகிற தாய் என்ன எழுதுவாள்? 'ஆண்டவர் கிருபையால் அனைவரும் சுகம்' என்று எழுதுவாள். மகன் என்ன எழுதுவான்? 'தேவமாதாவின் அனுக்கிரகத்தால் இங்கு மனச்சமாதானமாயிருக்கிறேன்' என்று எழுதுவான். வருஷக் கணக்காக இரண்டு பக்கமும் அதே சமாதானத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மகன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்பதுகூட அந்த வீட்டுக்குத் தெரியாது.

சுவாமிதாஸ் ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வியாகுலம் உறையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அச்சடித்த ஜெபப்புத்தகம் வாசிப்பாள். கையெழுத்து அவளுக்குப் பிடிபடாது.

"அப்பா பேருக்கு வந்ததாக்கும்" என்றாள் பிரகாசி.

"அதுக்கென்ன? அவருக்கு வந்த காயிதமெல்லாம் நீதானே வாசிச்சுக் குடுத்தே. வாசி."

பிரகாசி உறையைக் கிழித்தாள்.

'சேசு மரி சூசை துணை. அன்புள்ள அப்பா, இந்தக் கடிதம் ரெக்டர் அச்சன் பார்க்காதது. அதற்காகத் தேவன் என்னை மன்னிப்பாராக. அப்பா, எனக்கு இந்த வாழ்வு இல்லை. இதை எப்படிச் சொல்வதென்று மூன்று வருஷமாகத் தேடினேன். பீடத்தின் முன்னால் முழங்காலில் நிற்கும்போது என் உள்ளே ஒன்றும் இல்லை. ஆத்துமத் தகப்பனிடம் சொன்னேன். எல்லாருக்கும் வருகிற வறட்சிதான், பொறு என்றார். பொறுத்தேன். அது போகவில்லை. நான் கெட்டுப்போகவில்லை அப்பா. உங்களோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, கை கறுக்க வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் பூசை கண்டு வாழ ஆசைப்படுகிறேன். அவ்வளவுதான்.'

பிரகாசி தாளைத் திருப்பினாள். வியாகுலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அம்மாவுக்கு...' பிரகாசி நிறுத்தினாள்.

"வாசி."

'அம்மாவுக்கு இது இப்போது தெரியவேண்டாம். நான் குழந்தையில் ஜன்னி கண்டு கிடந்தபோது கோட்டாறு சவேரியார் கோயிலில் என்னை நேர்ந்துவிட்டவள் அவள். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் ஆகாது. வீட்டுக் கடிதங்களில் நீங்கள் எல்லோரும் அத்தனை சந்தோஷமாக இருக்கிறீர்கள். அதைக் கெடுக்கவும் மனசு வரவில்லை.'

"இது சோதனையாக்கும்" என்றாள் வியாகுலம். "பட்டத்துக்கு முந்தி பிசாசு வந்து இப்படித்தான் மனசெக் கலைக்கும். ஞானப்பிரசங்கத்திலே கேட்டதில்லியா நீ? நாளைக்கு விடிஞ்சா எல்லாம் செரியாயிரும். மடிச்சு வை பிள்ளே."

"மூணு வருஷமாட்டா சோதனை?"

"பின்னே? ரெக்டர் அச்சனுக்குத் தெரியாத மனசா? உனக்கும் எனக்கும் தெரிஞ்சிருமா?" வியாகுலம் நிமிர்ந்தாள். "அவன் வந்துட்டா என்ன ஆகும், நினைச்சியா? செமினாரி விட்டு வந்தவன்னு ஊரு மொத்தமும் கை காட்டும். கோட்டாத்துக்காரங்க உன்னெக் கேட்டு வந்ததே சாமியாரு வீட்டுச் சம்பந்தம்னுதான். நாளைக்கே வேண்டாம்னு சொல்லியனுப்புவாங்க."

அது உண்மை. பிரகாசிக்கு இருபத்தாறு வயது. கோட்டாற்று மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருந்தது. அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டு டைப் அடிக்கும்போது வக்கீலின் 'மேற்படியான்' எல்லாம் சில நாளாகத் தப்பும் தவறுமாக விழுகிறது. ஆனாலும் சொன்னாள்.

"சொல்லியனுப்பட்டும். என்னெப் பத்தி இப்பம் பேசாண்டாம். இன்னும் கொஞ்சம் இருக்கு, கேளுங்க."

'உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் அப்பா. ஒர்க்‌ஷாப்பில் ஆள் வேண்டும், வந்துவிடு என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். ரெக்டர் அச்சன் வாசித்தாலும் பரவாயில்லை. நான் புறப்பட்டுவிடுவேன். பட்டத்துக்கு முன்னால் ஒன்றும் வராவிட்டால், நீங்கள் போ என்று சொல்வதாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சொல்லுக்கு மேல் எனக்குச் சொல் இல்லை. கடிதத்தின் தலையில் நீங்கள் போடுகிற சிலுவையை ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். அப்பாவின் கை பட்ட இடம் அது ஒன்றுதான் என்று அதில் உதடு பதித்து முத்தி செய்வேன். போன மாதம் அது கொஞ்சம் கோணலாக இருந்தது. கை வலியா அப்பா?'

வறுவேலுக்கு எழுத்து வராது. பிரகாசி எழுதி முடித்ததும், மை ஒட்டிய பேனாவை வாங்கி, ஸ்க்ரூ திருகுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு, தாளின் தலையில் ஒரு சிலுவை போடுவார். குறுக்குக் கோடு இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் போன பிறகு வந்த முதல் மாதக் கடிதத்தில் பிரகாசி அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். வியாகுலம் பேனாவை வாங்கி, பழைய கடிதம் ஒன்றை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, இடப்பக்கம் இறக்கி ஒரு சிலுவை போட்டாள். அடுத்த மாதமும் போட்டாள். அதற்கடுத்த மாதமும்.

இப்போது அவள் தன் வலது கையை மடியில் மல்லாத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை.

"அதிலெயா முத்தினான்?" என்றாள் கடைசியில். "நான் கிறுக்கினதிலெயா?"

அம்மாவின் மேல் பிரகாசிக்கு மூன்று மாதமாக இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது. கோபம் போன இடத்தில் வந்தது அதைவிடப் பெரிய வலியாக இருந்தது.

வியாகுலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வா. அச்சனெக் காணலாம்."

அச்சன் தங்குகிற பள்ளிமேடை நடக்கிற தூரம்தான். மத்தியாஸ் அச்சன் மலையாளத்துக்காரர். பாளையத்துத் தமிழர்களோடு இருபது வருஷம் பேசிப் பேசி, இரண்டு பாஷையும் கலந்த ஒரு பாஷை அவருக்குச் சொந்தமாகியிருந்தது. கடிதத்தைப் பிரகாசி வாசிக்க வாசிக்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தந்தி அடிக்கலாமா அச்சா?" என்று கேட்டாள் பிரகாசி.

"தந்தி ரெக்டர் கையிலே போகும் மோளே. பட்டத்துக்கு உள்ளவர் எல்லாம் இப்போ தியானத்திலாக்கும். மௌனம். கடிதமும் தந்தியும் ஒண்ணும் உள்ளே கொடுக்கமாட்டார்கள். நாளைக்குப் பூசை கழிஞ்ஞு கொடுப்பார்கள்."

"அப்பம் ஒரு வண்டியெப் பிடிச்சு..."

"பஸ்ஸும் வண்டியும் மாறி நீ அங்கே எத்தும்போது நாளை உச்சைப்பொழுது கழியும், பட்டமும் கழியும்." அச்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளை பட்டம் கொடுக்கிற மெத்ரான் அவரெல்லாரையும் பார்த்து ஒரு காரியம் சொல்லும். இதுவரை நீங்கள் சுதந்திரர், இஷ்டமில்லையெங்கில் இப்போது போகலாம். இஷ்டமெங்கில் ஒரு அடி முன்னே வாருங்கள் என்று. ஒரே ஒரு அடி. ஞானும் வைத்ததாக்கும் அந்த அடி. அப்பன் மரித்தது அறியாதவனைக் கொண்டு அதை வைப்பிக்கக் கூடாது."

"அச்சன்தானே எழுதினீங்க, சொல்லாண்டாம்னு" என்றாள் பிரகாசி. சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது.

"பிள்ளே!" என்று அதட்டினாள் வியாகுலம். "நான் காலெப் பிடிச்சுத்தான் எழுதினாரு."

"இல்லை, அவள் சொல்லட்டே. ஆ கடிதம் எழுதினது ஞானாக்கும்." அச்சன் எழுந்தார். "ஒரு அம்மையுடைய கண்ணீர் கண்டு எழுதிப்போயி. மகனுடைய கண்ணீர் அங்கே கண்டில்ல." அவர் மேஜை மேலிருந்த டெலிபோனை இழுத்து டிரங்க் காலுக்குப் பதிவு செய்தார்.

லைன் கிடைக்கவில்லை. மத்தியானம் ஆயிற்று, கிடைக்கவில்லை. கோயில் வேலை பார்க்கிற கபியார் வந்து கஞ்சி வேண்டுமா என்று கேட்டார்; யாரும் குடிக்கவில்லை. வியாகுலம் ஜெபமாலையை எடுத்தாள், ஆனால் மணி நகரவில்லை. எதைக் கேட்டு ஜெபிப்பது? மகன் பீடத்துக்குப் போகவேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டு வந்தவள், இன்று அதற்கு நேர்மாறாகக் கேட்க வேண்டும். அம்மாவின் கையிலிருந்து மாலையை வாங்கி, பிரகாசி தன் விரலில் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடிக்கிற கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் டெலிபோன் மணி அடித்தது.

அச்சன் எடுத்து இங்கிலீஷில் பேசினார். கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். இடையில் டெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, "தியானத்திலிருந்து ஆளை விளிக்கிற வழக்கம் இல்லை, எங்கிலும் விளிக்கிறேன் என்கிறார்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ரெக்டர் இந்த மூன்று மாதமும் கஸ்பாரின் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்தாராம். வறுவேல் இறந்த சேதி வந்த மறுநாள், இன்னாருக்கு என்று பெயர் சொல்லாமல் ஒரு மரித்த ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தாராம். அந்தப் பூசைக்கு உதவி செய்தவன் கஸ்பார்.

"வா வியாகுலம். அவன் வந்நாச்சு. நீ பேசு."

டெலிபோனை அவள் அதற்குமுன் தொட்டதில்லை. அச்சன் காதில் பொருத்திக் கொடுத்தார். பிரகாசி அம்மாவின் தோளோடு ஒட்டி, அவள் காதருகே தன் காதையும் வைத்துக்கொண்டாள்.

"கஸ்பாரே... மக்களே..."

"அம்மாவா?" எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல். "அம்மா! என்னம்மா விசேஷம்? ரெக்டர் அச்சன் கையெப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு, ஒண்ணும் சொல்லலை."

"உனக்க காயிதம் இன்னைக்குத்தான் வந்துது, மக்களே."

அவன் குரல் தணிந்தது. "அப்பாவுக்கு எழுதினதா? அம்மா வாசிச்சீங்களா?"

"கேட்டேன்."

"அம்மா, நான்..."

"நீ வந்திரு" என்றாள் வியாகுலம். "அப்பா உன்னெ வரச்சொல்லுகாரு. ஒர்க்‌ஷாப்பிலே ஆளு வேணுமாம். வந்திரு மக்களே."

பிரகாசி திடுக்கிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவனை அங்கே பிடித்துவைக்கச் சொன்ன பொய்யை, இப்போது அவனை விடுவிக்கச் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துப் பிரகாசிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு நிமிஷமாவது அது பொய்யாக இல்லாமல் இருந்தால் என்ன என்று அவளுக்கே தோன்றியது.

"நெசமாவா?" கஸ்பார் அழுதான், அல்லது சிரித்தான், கம்பியில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "அப்பாவுக்குக் கோவம் இல்லியாம்மா?"

"ஒரு கோவமும் இல்லெ."

"உங்களுக்கு?"

"எனக்கென்னத்துக்குக் கோவம்? நீ எனக்க பிள்ளையில்லியா?"

"அம்மா, அப்பா பக்கத்திலே நிக்காரா? குடுங்கம்மா. ஒரு வார்த்தை. அவரு சத்தம் கேட்டு மூணு வருஷமாச்சு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், ஏலேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வியாகுலம் டெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். அச்சனைப் பார்த்தாள். அச்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரகாசி கையை நீட்டினாள், நான் சொல்கிறேன் என்று. வியாகுலம் கொடுக்கவில்லை.

"அம்மா? கேக்குதா?"

"அப்பா இல்லெ, மக்களே."

"டூட்டியிலே இருக்காரா?"

"அப்பா மரிச்சுப்போச்சு." அவள் குரல் உடையவில்லை. உடைந்தால் அவனுக்குக் கேட்காமல் போய்விடும் என்று பயந்தவளைப் போல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். "செப்டம்பரிலே. ஸ்டாண்டிலே வச்சு. கஷ்டப்படலெ. உன்கிட்டெ சொல்லாண்டாம்னு நான்தான் சொன்னேன். அக்கா பேரிலே குத்தமில்லெ. அச்சன்மாரு பேரிலெயும் இல்லெ. நீ வந்துருவியேன்னு நான்தான் மறைச்சேன். இப்பம் வரச்சொன்னதும் அவரில்லெ. நானாக்கும்."

கம்பியில் இரைச்சல் மட்டும் ஓடியது. நேரம் முடியப்போகிறது என்று டெலிபோன் ஆபீஸ் பெண் குறுக்கிட்டாள். மத்தியாஸ் அச்சன் பாய்ந்து வந்து குனிந்து, இன்னும் மூன்று நிமிஷம் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கத்தினார்.

"அம்மா." குரல் மாறியிருந்தது. அவ்வளவு அமைதியாகத் தம்பி பேசிப் பிரகாசி கேட்டதில்லை. "அப்பாவுக்கு ஆரு மண்ணு போட்டா?"

குழிக்குள் பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண் மகன் போடுவது. மகன் இல்லாதவர்களுக்குத்தான் வேறு யாராவது போடுவார்கள். அன்று சிமித்தேரியில் குழிவெட்டி மண்வெட்டியோடு காத்து நிற்க, சித்தப்பன்மாரும் மச்சான்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் போட்டேன்" என்றாள் வியாகுலம். "முதல்லெ உனக்குள்ள பிடி. கஸ்பார் போடுகான் கேட்டியளான்னு, உன் பேரெச் சொல்லிப் போட்டேன். பின்னெத்தான் எனக்குள்ளது போட்டேன்."

டெலிபோனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மேஜை மரத்தின் மேல், மெதுவாக. அதன்பின் காலடிச் சத்தம், தூரமாகிக்கொண்டே. யாரோ வயதானவர் "கஸ்பார்!" என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். ஒரு கதவு திறந்தது. கோயிலுக்குப் போகிற கதவா, வெளியே போகிற கதவா? இங்கே நின்று யாருக்குத் தெரியும்? நாளைக் காலை ஏழு மணிக்கு மெத்ரான் கேட்கும்போது அவன் அந்த இடத்தில் நிற்பானா, அடி வைப்பானா, ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் யாரும் வந்து டெலிபோனை எடுக்கவும் இல்லை.

"அம்மா, அவன் போயிட்டான்" என்றாள் பிரகாசி. அம்மாவின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவை பிரியவில்லை.

"மக்களே" என்றாள் வியாகுலம், காலியாக இரைந்துகொண்டிருந்த கம்பிக்குள். "அம்மை இஞ்சதான் நிக்கேன். நீ ஒண்ணும் சொல்லலியே. வாறியா, அங்கெயே நிக்கியா? எதுன்னாலும் அம்மைக்குச் சம்மதம். கேக்குதா மக்களே? எதுன்னாலும் சம்மதம்."